குடைப் பாட்டுக்கு ஓட்டு

நாற்பது பாட்டில் முப்பத்தெட்டாவது இடம். அந்தப் பாட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்தவன் எவனாக இருந்தாலும் அவனுக்குக் காது என்று ஒன்று இருந்திருக்காது. அதற்குக் கீழே இருந்த இரண்டில் ஒன்று குடித்துவிட்டுப் பாடுகிற பாட்டு. இன்னொன்றில் கதாநாயகன் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உருகுவான். அந்த நாய்க்குட்டிக்கும் குடிகாரனுக்கும் மேலே ஒரே ஒரு படி, அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள்.

வேகவதி டிவி எங்கள் காஞ்சிபுரத்துக்குள் மட்டும் கேபிளில் வருகிற சேனல். சாமி புறப்பாடு, கல்யாண மண்டப விளம்பரம், எந்தத் தெருவில் இன்றைக்குத் தண்ணீர் வராது என்கிற அறிவிப்பு, இவைதான் அதில் வரும். இப்போது போனிலும் வருகிறது, அதனால் வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்களும் பார்க்கிறார்கள். போன ஆடி மாதம் அதில் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். 2010 முதல் 2019 வரை வந்த சினிமாப் பாட்டுகளில் மறக்க முடியாத நாற்பது. திங்கள் முதல் வெள்ளி வரை பகல் பதினோரு மணிக்கு. பார்க்கிறவர்கள் போன் செய்து ஒரு பாட்டுக்கு ஓட்டுப் போடலாம், அதை யாருக்காவது சமர்ப்பணமும் செய்யலாம். பன்னிரண்டு மணிக்கு எந்தப் பாட்டுக்கு ஓட்டுக் குறைவோ அது வெளியே. கடைசியில் மிஞ்சுகிற ஒன்றுதான் பத்து வருஷத்தின் பாட்டு.

எனக்கு எந்தப் பாட்டு ஜெயித்தாலும் ஒன்றுதான். ஆனால் குடைப் பாட்டு வெளியே போகக் கூடாது. அது உள்ளே இருக்கிற வரைக்கும் நான் அதைக் கேட்டு போன் செய்யலாம். நான் போன் செய்தால் என் குரல் டிவியில் வரும். என் குரல் வந்தால், எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன என் மகள் தேவிப்ரியா எங்கேயாவது உட்கார்ந்து அதைக் கேட்கலாம். கேட்டால் ஒரு போன் செய்யலாம். என் கையில் அவளுடைய நம்பர் கிடையாது. இந்த ஒரு வழியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குடைப் பாட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். மழை விட்ட பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் மடக்கிய குடையை வைத்துக்கொண்டு பாடுவான். படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை, பாட்டு மட்டும் ஓடியது. 2016ஆம் வருஷக் கடைசியில் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. தேவிப்ரியா அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். லீவு நாளில் பின்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து எங்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டுதான் தார். ராட்டையைச் சுற்றிக்கொண்டே போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிடுவாள். முடியும், திரும்ப ஆரம்பிக்கும். முடியும், திரும்ப ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. 'அந்த எழவ நிறுத்துடி' என்று அவள் அப்பா கத்துவார். கொஞ்சம் சத்தம் குறையும், நிற்காது.

தறி வீட்டில் பாட்டுக்கு வேறு மாதிரி மார்க் போடுவோம். கைக்கு ஒத்துவருகிற பாட்டு நல்ல பாட்டு. நடுவில் திடீரென்று நின்று மூச்சு வாங்குகிற பாட்டுக்குக் கை தடுமாறும், அது வேலைக்கு ஆகாது. அந்தக் கணக்கில் பார்த்தால் குடைப் பாட்டு சுமாருக்கும் கீழே. இரண்டாவது சரணத்தில் இழுஇழுவென்று இழுப்பான். ஆனாலும் அது எனக்கு மனப்பாடம். எத்தனையாவது அடியில் பையன் குடையை விரிப்பான், எங்கே புல்லாங்குழல் வரும், எல்லாம் தெரியும். என் மகளுக்கு உயிரான பாட்டு என்று நான் தெரிந்துவைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு காலை அவள் காலேஜுக்குப் போனாள், திரும்பவில்லை. கூரத்திலிருந்து தினம் பால் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற குமரன் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் உழுது பிழைக்கிற குடும்பம், எங்கள் ஆட்கள் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் கூரத்திலும் இல்லை, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் என் கணவர் திருஞானசம்பந்தம் போய் ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு, இரண்டு தேதியும் போட்டு. ஓடிப்போன பெண்ணுக்கு இப்படிச் செய்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. தெருமுனையில் கட்டினார். சர்வ தீர்த்தக் குளத்தில் தலை முழுகினார். பதினாறாம் நாள் பந்தியும் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் செத்தவள். தெரிந்தவர்களும் செத்தவள் என்றுதான் பேசுவார்கள், அது ஒரு மரியாதை.

அவரை மட்டும் குறை சொல்லி நான் நல்லவளாக முடியாது. ஃபிளக்ஸ் கடைக்காரன் போட்டோ கேட்கிறான் என்று அவர் வந்து நின்றபோது பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். மூன்று போட்டோ இருந்தது. அதில் நன்றாக இருந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பந்தியில் பாயசம் ஊற்றியதும் நான்தான்.

நானும் அவரும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் அந்தப் புடவையை ஒரு ஆள் நெய்ய முடியாது. அவர் தறிக்குழியில் உட்கார்ந்து உடலுக்கு நாடா போடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குப் போடுவேன். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போகவேண்டும். முப்பது வருஷமாகப் போகிறது. அதில் கடைசி எட்டு வருஷம், 'போடு', 'நில்லு', 'அறுந்துபோச்சு' என்ற மூன்று சொல்லோடு போகிறது.

பக்கத்து வீட்டுக் கலாவதிதான் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவள். பங்குனி உத்திரத்துக் கல்யாண உற்சவத்தை வேகவதி டிவி போனில் காட்டியபோது கீழே கமெண்டில் ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்களாம். அதில் 'தேவி குமரன்' என்று ஒரு பெயர்.

"ஊர்ல எத்தினி தேவி, எத்தினி குமரன்" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. நம்ம பொண்ணா இருந்தா இந்தச் சேனல பாத்துக்கினுதான இருக்குது? நீ பேசுக்கா. பேசுனா இன்னா கொறஞ்சிடப்போவுது?"

குறையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐந்தாவது நாள் எனக்கு லைன் கிடைத்தது. ஒரு கையில் நாடா, ஒரு கையில் போன். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. நிகழ்ச்சி நடத்துகிற விமல்ராஜ் என்ற பையன் வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டு பேசுவான்.

"வணக்கம் வணக்கம், யார் பேசறீங்க, எங்க இருந்து?"

"மங்கையர்க்கரசி. காஞ்சிபுரம்தான்பா."

"சூப்பர்மா. எந்தப் பாட்டுக்கு உங்க ஓட்டு?"

"அந்தக் குடைப் பாட்டு."

"வாவ். ரொம்ப ஃபீலான சாங்மா அது. யாருக்கு டெடிகேட் பண்றீங்க?"

"எம் பொண்ணுக்கு."

"பொண்ணு பேர் சொல்லுங்கம்மா."

தறி நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கை மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பெயரை வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லி எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சொன்னேன்.

"தேவிப்ரியா."

"தேவிப்ரியா, எங்க இருந்தாலும் அம்மாவோட அன்பு உங்களுக்கு" என்று அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பாட்டைப் போட்டான். போனை வைத்தேன். என் கணவர் அறுந்த இழை எதையோ தேடுவது மாதிரி பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு இழையும் அறுந்திருக்கவில்லை.

"போடு" என்றார். போட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துக்கொண்டது. ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓட்டு. தெருவில் எத்தனை போன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில் கோலம் போடுகிறபோது நாலு வீடு, தண்ணீர் பிடிக்கிறபோது ஆறு வீடு. கெஞ்சுவது எனக்கு வராது, அதட்டுவேன். 'பன்னண்டு மணிக்குள்ள போட்றியா இல்ல உம் போன புடுங்கிக்கினு போவட்டா?' கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடாகப் போய் நின்றேன். கலாவதி தன் வீட்டில் மூன்று ஓட்டு வைத்திருந்தாள், அவள் தம்பி ஒருத்தன் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து போடுவான். இவ்வளவு செய்தும் குடைப் பாட்டு தினம் ஒரு படி தப்பித்ததே தவிர, மேலே ஏறவில்லை. நாய்க்குட்டிப் பாட்டு போனது. குடிகாரப் பாட்டு போனது. அடுத்து நாம் என்று ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேவிப்ரியா போன் செய்யவில்லை. இன்றைக்குப் பார்த்திருக்க மாட்டாள், நாளைக்குப் பார்ப்பாள் என்று சொல்லிக்கொள்வேன்.

நாலாவது வாரம் துர்காதேவி வந்து கெடுத்தாள். கெடுத்தாள் என்பது இப்போது சொல்கிற வார்த்தை, அப்போது நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஜாக்கெட் தைக்கிறவள். பாவம், நல்ல பெண். இந்த அம்மாவுக்கு அந்தப் பாட்டின் மேல் ஏன் இவ்வளவு பித்து என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள். அவர்கள் தெருவின் வழக்கப்படி, 'பொண்ணு செத்துப்போச்சு' என்றிருக்கிறார்கள். அவள் நம்பிவிட்டாள். மறுநாள் அவளே டிவிக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். செத்துப்போன மகளுக்குப் பிடித்த பாட்டைத் தினம் கேட்கிறாள் ஒரு தாய், எல்லாரும் அந்தப் பாட்டுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று.

பத்து நிமிடத்தில் விமல்ராஜ் என் நம்பருக்கு அடித்தான். நேரலையில்.

"அம்மா, எங்களுக்குத் தெரியாமப் போச்சும்மா. மனசு ரொம்ப கஷ்டமா இருக்குது. உங்க பொண்ணு எப்பிடிமா தவறிட்டாங்க?"

டிவியின் ஓரத்தில் அன்றைய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குடைப் பாட்டு கடைசி. அடுத்த பாட்டுக்கும் அதற்கும் பதினெட்டு ஓட்டு இடைவெளி. மணி பதினொன்று நாற்பது. இல்லைப்பா, உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு எழும்பியது. சொன்னால் இன்றைக்குப் பாட்டு வெளியே போகும். பாட்டு போனால் என் குரலும் போகும்.

"அத்தக் கேக்காதபா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. விமல்ராஜ் தழுதழுத்தான். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் குடைப் பாட்டு பதினோராவது இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் அது ஐந்துக்கு வந்தது. உத்திரமேரூரிலிருந்து பேசினார்கள், வாலாஜாபாத்திலிருந்து பேசினார்கள். திருமுக்கூடலில் யாரோ ஒரு வாத்தியார் அந்தப் பாட்டைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நான் முகம் தெரியாத ஜனங்களின் பரிதாபத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. வெட்கத்தை விடப் பெரிதாக ஒன்று இருந்தது. இத்தனை பேர் காதுக்கு எட்டியது அவள் காதுக்கு எட்டாமலா போகும் என்ற நினைப்பு.

எட்டியது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய ஃபிளக்ஸை எட்டு வருஷமாகப் போனில் வைத்திருந்து சேனலுக்கு அனுப்பிவிட்டான். ஒரு புதன்கிழமை குடைப் பாட்டு ஓடுகிறபோது அதைத் திரை முழுக்கக் காட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. செல்வி தேவிப்ரியா. நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த போட்டோ. கீழே மறைந்த தேதி. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற மாதிரி அவர்களாக ஒரு ஜோடனை வேறு.

என் கணவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து டிவிக்கு முன்னால் நின்றார். பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"நான் தெருமொனைலதான் கட்டுனேன். நீ ஊரு முழுக்கக் கட்டிட்ட."



வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். அவர் நெசவாளர் சங்கத்துக்குப் புடவை கொடுக்கப் போயிருந்தார். ஓட்டுக் கேட்டுப் பேசுகிறவர்கள் என்று நினைத்து எடுத்தேன்.

"மா" என்றது.

எட்டு வருஷம் இல்லை, எண்பது வருஷம் ஆனாலும் அந்த ஒரு எழுத்து எனக்குத் தெரியும். ராட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'கண்ணு, கண்ணு' என்று ஏதோ சொன்னேன். அவள் என்னைப் பேசவிட்டாள். நான் ஓய்ந்த பிறகு ஆரம்பித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்த தேவிப்ரியாவாக இருந்திருப்பாள்.

"போஸ்டர் அடிச்சது எனக்குத் தெரியாதுமா. இத்தினி வருசமா தெரியாது. நேத்து எங்க வூட்டாண்ட ஒரு அக்கா போன கொணாந்து காட்டுறாங்க, இது நீயாமான்னு. எம் பொண்ணு பக்கத்துல நின்னுக்கினு பாக்குது. ஆறு வயசு. படிக்கத் தெரியும் அதுக்கு."

"அப்பா பண்ணதுமா அது. நான்..."

"போட்டோ நீ குடுத்ததுதான?"

அந்தப் போட்டோ பீரோவில் எந்தத் தட்டில் இருக்கும் என்று வீட்டில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஒன்ன எப்பிடியாவது பேச வெக்கணும்னுதான் கண்ணு. உனக்கு உசிரான பாட்டாச்சே, கேட்டா வந்துடுவன்னுதான் தெருத்தெருவா நின்னேன்."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"எனக்கு அந்தப் பாட்டு புடிக்கவே புடிக்காதுமா" என்றாள். "நான் அப்ப இவருகிட்ட போன்ல பேசிக்கினு இருப்பேன். தறி ஓடறப்ப நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. அப்பா இழை அறுந்துபோச்சுன்னு டக்குனு நிறுத்திடுவாரு. அப்ப நான் பேசறது வெளிய கேட்டுரும். அதுக்குத்தான் நீங்க காலேஜுக்கு வாங்கிக் குடுத்த போன்ல பாட்ட ஓடவுட்டு, இவரு குடுத்த சின்ன போன்ல பேசுவேன். எந்தப் பாட்டா இருந்தாலும் ஒண்ணுதான். அது நீளமா இருந்துச்சு, போட்டேன்."

தறி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்கிறது. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. சத்தத்துக்கு நடுவே பேசுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். தறி நிற்கிறபோதுதான் வீடு திடீரென்று நிர்வாணமாகிவிடும். அந்த நேரத்துக்கு அவள் ஒரு போர்வை வைத்திருந்தாள். நான் அந்தப் போர்வையை ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப உனக்கு எந்தப் பாட்டு கண்ணு புடிக்கும்?"

முட்டாள்தனமான கேள்வி. வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"இப்ப அது இன்னாத்துக்கு" என்றாள். பிறகு, "இவரு வூட்ல என்னை நல்லாத்தான் வெச்சிருக்காங்க. நான் செத்தவன்னு எழுதுன எடத்துல இருந்து எனக்கு எதுவும் வேணாம். டிவில எம் போட்டோவ எடுக்கச் சொல்லு. எம் பேர இனிமே எங்கயும் சொல்லாத. எனக்காகப் பாட்டுக் கேக்காத. ஒனக்குப் பொண்ணு இல்லன்னு வெச்சிக்கோ. அவ்ளோதான் நான் கேக்கறது" என்றாள்.

"கொழந்த பேரு இன்னாமா?"

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பதமாகச் சொன்னாள்.

சனி, ஞாயிறு நிகழ்ச்சி கிடையாது. திங்கட்கிழமை காலையில் கலாவதியைக் கூட்டிக்கொண்டு சேனல் ஆபீசுக்கே போனேன். போட்டோவை எடுங்கள் என்றேன். விமல்ராஜ் டிவியில் தெரிவதை விடக் குள்ளம். நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

"அம்மா, அந்த போட்டோ போட்டதுல இருந்துதான்மா நம்ம ப்ரோக்ராம் இவ்ளோ பிக்அப் ஆயிருக்குது. ஊரே உங்களுக்காக அழுதுக்கினு இருக்குது. ஓகே, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா எடுத்துடறோம்."

எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, தாயின் வேண்டுகோளுக்கு இணங்கி மகளின் படம் காட்டப்படவில்லை என்று எழுத்துப் போட்டார்கள். அதற்கு இன்னும் நூறு ஓட்டு அதிகமாக விழுந்தது.

பாட்டைக் கீழே தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். பாட்டு போய்விட்டால் பேச்சும் போய்விடும். காலையில் கோலம் போடுகிறபோது நாலு வீடு, தண்ணீர் பிடிக்கிறபோது ஆறு வீடு. இனிமேல் யாரும் குடைப் பாட்டுக்குப் போடாதீர்கள் என்றேன். துர்காதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்களுக்குச் சிரமம் வேணாம்னு சொல்றீங்க. எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கலாவதியிடம் மட்டும், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப போயி உசிரோட இருக்குதுன்னா, ஓட்டுப் போட்டவங்கல்லாம் அது எங்க இருக்குதுன்னு தேடிக்கினு போவாங்கக்கா. அதத்தான அது வேணாம்னுது?" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. ஒரு பாட்டை ஒரு படி ஏற்ற முடியாமல் நான் பட்ட பாடு உலகத்துக்குத் தெரியும். அதை ஒரு படி இறக்க முடியாமல் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. நான்கு, மூன்று, இரண்டு என்று அது தானாக ஏறியது. வீட்டில் டிவியை அணைத்து வைத்தால் பக்கத்து வீட்டில் பாடியது. அங்கே அணைத்தால் எதிர் வீட்டில். டீக்கடையில், மாவு மில்லில், ஆட்டோவில். என் மகளுக்குப் பிடிக்காத பாட்டு ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் கணவரிடம் அவள் பேசியதைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலேயே கேட்டார். "கொழந்த இருக்குதா" என்று மட்டும் கேட்டார். பெண் குழந்தை, ஆறு வயசு என்றேன். பெயர் தெரியாது என்றேன். அன்று முழுக்க இழை அறுந்துகொண்டே இருந்தது, அவர் முடிபோட்டுக்கொண்டே இருந்தார்.

நாற்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர். துர்காதேவி தட்டில் இனிப்பு வைத்துக்கொண்டு நிற்கிறாள். டிவியை அவர்களே போட்டுவிட்டார்கள். எதற்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று தறியிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்தின் மறக்க முடியாத பாட்டு எது என்று விமல்ராஜ் மூன்று தடவை இழுத்துச் சொன்னான். வாசலில் கை தட்டினார்கள். என் போன் அடித்தது. எடுக்கவில்லை. கலாவதி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் காதில் வைத்தாள்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்மா. ஊரே ஒங்க பக்கம் நின்னுச்சு. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. இந்தப் பாட்ட யாருக்கு டெடிகேட் பண்றீங்கன்னு ஒரே ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்கம்மா."

டிவியில் என் மூச்சு விடுகிற சத்தம் ஒரு நொடி தாமதித்துக் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இன்றைக்கு மட்டும் நிச்சயம் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் கேட்டுக்கொண்டபடி நான் நடக்கிறேனா என்று.

"யாருக்கும் இல்லபா" என்றேன்.

"அம்மா... உங்க பொண்ணுக்குத்தானம்மா?"

என் கணவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிடாதே என்பது போல் தலையை ஆட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பீரோவுக்கு முன்னால் நான் அவரைப் பார்த்து அப்படி ஒரு தடவை ஆட்டியிருக்கலாம்.

"எனக்குப் பொண்ணு இல்லபா."

வாசலில் யாரோ விம்மினார்கள். விமல்ராஜ் பாட்டைப் போட்டான். ஐந்தே கால் நிமிடம், முழுதாக ஓடியது.